ஒருவன் விழுந்தால் ஒன்பது பேர் திரும்ப வேண்டுமா?



பலர் கூடிப் பயணம் போகிறார்கள். வழியில் ஒருவனுக்கு விபத்து நேருகிறது. மற்றவர்களின் கடமை என்ன? உதவி செய்ய வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு தூரம்? எல்லோருமா? பல நாள் ஆசைப்பட்டுப் புறப்பட்ட காரியத்தை ஒருவன் பொருட்டு அனைவரும் கைவிட்டுவிட வேண்டுமா? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்வி. சற்று ஆழ்ந்து நோக்கினால், குடும்பம், பங்கு, தோட்டம், நாடு என்று நாம் கூடி வாழும் ஒவ்வோர் இடத்திலும் இதே கேள்வி நம் வாசற்படியில் வந்து நிற்பதைக் காண்போம்.

அண்மையில் நம் சப்ரகமுவப் பகுதித் தோட்டமொன்றின் இளைஞர் பத்துப் பேர், பலாங்கொடையிலிருந்து பின்னவலை வழியாகப் பொகவந்தலாவைக்கு ஏறும் மலைப்பாதையில் துவிச்சக்கர வண்டிகளில் போய்வரத் திட்டமிட்டார்கள். சிலரிடம் சொந்த சைக்கிள் இருந்தது. சிலர் இரவல் வாங்கினார்கள். கைச்செலவுக்கு மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். போயா விடுமுறையன்று விடியுமுன் புறப்பட்டவர்கள், பெரிய தெருவை விட்டு, தேயிலை மலைகளுக்கூடாகச் செல்லும் தோட்டக் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். முதல்நாள் மழையில் கிறவல் கரைந்து கல் பெயர்ந்து கிடந்த ஒரு வளைவில், வேகமாக இறங்கிய ஒருவன் வண்டியோடு கானுக்குள் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது, நெற்றி பிளந்தது. அருகிலிருந்த சிங்களக் கிராமத்தவர் ஒருவர் தம் வாகனத்தில் அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றார். மற்ற ஒன்பது பேரும் பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பினார்கள்.

அவன் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பின்னர்தான் அவர்களுக்குள் வாக்குவாதம் பிறந்தது. அவர்களில் ஒருவர் நம்மிடம் வந்து கேட்டார்: “சுவாமி, கூடப் போக இரண்டு பேர் போதாதா? எட்டுப் பேர் ஆஸ்பத்திரி வாசலில் சும்மா நின்றதால் அவனுக்கு என்ன லாபம்? ஒருவனுக்காக ஒன்பது பேர் இழப்பது நியாயமா?”

இக்கேள்வியைக் கேட்டவர் கல்நெஞ்சரல்லர். விழுந்தவனைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். நேர்மையாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். “அன்புதான் பெரிது” என்று ஒரே வரியில் வாயடைத்து அனுப்பிவிடுவது விடையாகாது.

ஏமாற்றமும் இழப்பே

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அந்த ஒன்பது பேரின் ஏமாற்றம் அற்பமானதன்று. லயத்தில் பிறந்து, பெரட்டுக் களத்தையும் கொழுந்து மலையையும் றப்பர் மரத்தையுமே உலகமாகக் கண்டு வளரும் ஓர் இளைஞனுக்கு, தன் கால் வலிமையால் மலையேறி அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவரும் ஒரு நாள், பணக்கார வீட்டுப் பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்குச் சமானம். அடுத்த விடுமுறைக்கு அந்த இரவல் சைக்கிள் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. “போனால் போகட்டும், இதிலென்ன இருக்கிறது?” என்று பெரியவர்கள் அலட்சியமாகச் சொல்வது சரியன்று. தியாகம் என்ற சொல்லுக்குப் பொருள் வருவதே விட்டுக்கொடுத்த பொருளுக்கு விலை இருப்பதால்தான்.

ஆகவே கேள்வி, விலையுள்ள ஒன்றுக்கும் விலையுள்ள வேறொன்றுக்கும் இடையிலானது. எதை எதனோடு நிறுப்பது?

கணக்குப் பார்க்கும் அறம்

“ஒன்பது பெரிதா, ஒன்று பெரிதா?” என்று கேட்டால் பள்ளிப்பிள்ளையும் பதில் சொல்லும். பெரும்பாலோரின் நன்மையே அறத்தின் அளவுகோல் என்று போதித்த தத்துவ அறிஞர்கள் மேல்நாட்டில் உண்டு. அரசாங்கம் ஒரு பாலத்தை எந்த ஊரில் கட்டுவது என்று தீர்மானிக்க இந்தக் கணக்கு உதவலாம். விழுந்து கிடக்கும் ஒரு மனிதனுக்கு முன்னால் இது உதவாது. ஏன்?

ஒன்பது பேரின் ஏமாற்றத்தையும் கூட்டி மொத்தமாக அனுபவிக்கும் ஆள் எங்காவது இருக்கிறானா? இல்லை. ஒவ்வொருவனும் தன் தன் ஏமாற்றத்தை மட்டுமே சுமக்கிறான். ஒருவனுடைய இழப்பு ஒரு நாள். இன்னொருவனுடைய இழப்பும் ஒரு நாள். அந்தப் பக்கத்தில் கிடப்பவனோ, கையை இழக்கலாம். கவனிப்பாரின்றிக் கிடந்தால் உயிரையே இழக்கலாம். ஆகவே ஒன்பதை ஒன்றோடு நிறுப்பது பிழை. ஒவ்வொருவனும் தனித்தனியே அவனருகில் நின்று, “என் இழப்பு பெரிதா, இவனுடைய இழப்பு பெரிதா?” என்று கேட்பதே சரி. ஒன்பது முறை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

கணக்கின் பேரால் ஒருவனைக் கைவிடலாம் என்ற வாதம் நற்செய்தியில் ஓரிடத்தில் வெளிப்படையாக வருகிறது. சொன்னவர் தலைமைக்குரு கயபா. மக்களனைவரும் அழிவதைவிட ஒருவர் சாவது மேல் என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு யாரைச் சிலுவைக்கு அனுப்பியது என்பதை நாம் அறிவோம். அதற்கு நேர் எதிரே நிற்பது, தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு வழிதவறிய ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமை. கணக்கு வாத்தியாரின் பார்வையில் அந்த ஆயன் மூடன். ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பதின் நிலையில் நின்று பாருங்கள். நாளை தான் வழிதவறினாலும் தன்னையும் இவன் தேடி வருவான் என்ற உறுதி அன்று ஒவ்வோர் ஆட்டுக்கும் கிடைத்துவிட்டதன்றோ? ஒன்றைக் கைவிடும் மந்தையில் எந்த ஆடும் பத்திரமாக இல்லை.

விழுந்தவன் மேல் தவறு இருந்தால்?

“அவன் பிரேக் பிடிக்காமல் பந்தயம் விட்டான், சொல்லியும் கேட்கவில்லை. அவன் செய்த தவறுக்கு நாங்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?” இது அடுத்த வாதம்.

இதற்கு விடை பழைய ஏற்பாட்டில், நாம் அதிகம் வாசிக்காத ஒரு பக்கத்தில் உண்டு. எண்ணிக்கை நூலின் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோசேக்கு எதிராகப் பேசிய மிரியாம் தொழுநோயால் பீடிக்கப்படுகிறாள். தவறு அவளுடையதே, அதில் மறுப்பில்லை. ஏழு நாட்கள் அவள் பாளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று ஆண்டவர் தீர்ப்பிடுகிறார். அடுத்து வரும் செய்திதான் நம் நெஞ்சைத் தொடுவது. அவள் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும் வரை மக்கள் பயணம் புறப்படவில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டை நோக்கி நடந்த ஒரு முழு இனமும், குற்றம் செய்த ஒருத்தியின் பொருட்டு ஏழு நாள் பாலைநிலத்தில் கூடாரத்தைக் கழற்றாமல் காத்திருந்தது!

தவறு யாருடையது என்று விசாரிப்பதற்கு நேரம் உண்டு. அது காயம் ஆறிய பின்னர் வரும் நேரம். அப்போது அந்த இளைஞனை அழைத்துக் கண்டிப்பாகப் பேசத்தான் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992) தன் 2290ஆம் எண்ணில், வேகத்தின்மீது கொண்ட மோகத்தால் வீதியில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறார்கள் என்று போதிக்கிறது. சைக்கிளில் போகிறவனுக்கும் இது பொருந்தும். ஆனால் விசாரணை வேறு, கைகொடுப்பது வேறு. குற்றமற்றவனுக்கு மட்டுமே உதவி என்று விதித்தால், நம்மில் எத்தனை பேர் உதவிக்குத் தகுதி பெறுவோம்?

இருவர் போதாதா?

இப்போது அந்த இளைஞரின் மிகக் கூர்மையான வாதத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரி வாசலில் எட்டுப் பேர் சும்மா நின்றதால் என்ன பயன்?

இதில் நியாயம் இருக்கிறது என்பதை நாம் தயங்காமல் சொல்கிறோம். அன்பு என்பது கூட்டம் கூடுவதன்று. விவேகமே மற்ற நற்பண்புகளுக்குத் தேரோட்டி என்பது திருச்சபையின் பழைய போதனை. ஒருவன் விழுந்தால் எல்லோரும் சுற்றி நின்று கூக்குரலிடுவதைவிட, ஒருவன் அருகில் இருக்க, ஒருவன் உதவி தேடி ஓட, ஒருவன் வளைவில் நின்று மேலிருந்து வரும் வாகனத்தை மறிப்பதே அறிவு. சில வேளைகளில் இருவர் அவனுடன் திரும்ப, மற்றவர்கள் தொடர்ந்து போவதும் முற்றிலும் சரியாகும். அதிலும், எட்டாத ஓர் ஊருக்கு மருந்து கொண்டுபோகும் கூட்டமாக இருந்தால், சிலர் தொடர்ந்து போயே ஆகவேண்டும். தள்ளிப்போடக்கூடிய நோக்கம் வேறு, தள்ளிப்போட முடியாத நோக்கம் வேறு.

ஆனால் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, யார் தங்குவது, யார் போவது என்பதைக் கூடிப் பேசியே தீர்மானிக்க வேண்டும். “யாராவது இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள்” என்று ஒவ்வொருவனும் தன் மனத்துக்குள் தீர்ப்பிட்டுக்கொண்டால், கடைசியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தனக்குச் சாதகமாகத் தானே தீர்ப்பிடும் நீதிபதியை யாரும் நம்புவதில்லை.

இரண்டாவது, விழுந்தவன் “நீங்கள் போங்கள், நான் சமாளித்துக்கொள்வேன்” என்று சொல்வான். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வலியோடு வெட்கமும் சேர்ந்து அவனைப் பேச வைக்கிறது. அந்தச் சொல்லை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு புறப்படுவது நட்பாகாது. உடுத்த ஆடை நழுவும்போது கை யாரிடமும் அனுமதி கேட்காமல் சென்று பிடிப்பதை நட்புக்கு உவமையாகக் காட்டினார் வள்ளுவர். ஆடையிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு நிற்கும் கை எந்த உடம்பிலும் இல்லை.

“உலகில் அன்றைக்கு எத்தனையோ பேர் எங்கெங்கோ விழுந்திருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் நாங்கள் போனோமா?” என்றும் ஒருவர் கேட்கலாம். அர்ச். அகுஸ்தீனார் இதற்கு என்றோ விடை சொல்லிவிட்டார். எல்லோருக்கும் உதவ நம்மால் இயலாது. ஆகவே இடத்தாலும் காலத்தாலும் சந்தர்ப்பத்தாலும் யார் நம்மோடு நெருங்கி வந்து சேர்கிறார்களோ, அவர்களைத் திருவுளச் சீட்டு விழுந்ததுபோல் ஏற்றுக் கவனிக்க வேண்டும் என்பது அவர் போதனை. அவன் உங்கள் கண்முன்னே விழுந்தான். சீட்டு உங்கள் பெயருக்கு விழுந்துவிட்டது.

ஒரே மலையில், ஒரே மாதத்தில்

உலகின் மிக உயர்ந்த சிகரமான எவரெஸ்டில் 2006ஆம் ஆண்டு மே மாதம் இக்கேள்வி மிகக் கடுமையான வடிவில் எழுந்தது. டேவிட் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் சிகரத்துக்குக் கீழே, ஏறத்தாழ 8,500 மீற்றர் உயரத்தில், நகர முடியாமல் கிடந்தார். ஏறக்குறைய நாற்பது பேர் அவரைக் கடந்து போனதாகச் செய்தி வந்தது. சிலர் அவர் இறந்துவிட்டார் என்று எண்ணினார்கள். சிலர் இனிக் காப்பாற்ற இயலாது என்று கருதினார்கள். சிலர் பிராணவாயு கொடுத்தும் பார்த்தார்கள். அவர் அங்கேயே இறந்தார். 1953ல் டென்சிங்குடன் அச்சிகரத்தை முதன்முதல் எட்டிய எட்மண்ட் ஹிலாரி, சிகரத்தை எட்டும் வெறி மனித உயிரை மறக்கச் செய்துவிட்டது என்று வேதனையோடு கண்டித்தார்.

அதே மாதம் 26ஆம் தேதி, அதே மலையில், டான் மஸூர் என்பவரின் தலைமையில் ஏறிக்கொண்டிருந்த ஒரு சிறு குழு, லிங்கன் ஹால் என்ற அவுஸ்திரேலியரைக் கண்டது. முதல்நாள் இரவு அவர் இறந்துவிட்டதாகவே கருதி விட்டுச் சென்றிருந்தார்கள். உயிரோடு உட்கார்ந்திருந்தார். சிகரத்துக்கு இன்னும் சில மணி நேர ஏற்றமே மீதி; வானமும் தெளிவாக இருந்தது. உழைப்பும் பணமும் செலவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஏறுவதை நிறுத்தினார்கள். அவரருகில் இருந்து, கீழிருந்து உதவிக்கு ஆட்கள் வரும் வரை பார்த்துக்கொண்டார்கள். சிகரம் போயிற்று; மனிதர் பிழைத்தார். லிங்கன் ஹால் 2012 வரை வாழ்ந்தார்.

ஷார்ப்பைக் கடந்து போனவர்களை இங்கிருந்துகொண்டு நாம் தீர்ப்பிட வேண்டாம். மூச்சுவிடவே காற்றில்லாத உயரத்தில், உறையும் குளிரில், ஒரு மனிதனின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை நாம் அறியோம். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். எவரெஸ்டின் உச்சியிலேயே ஒரு மனிதனுக்காகத் திரும்ப முடியுமானால், பொகவந்தலாவைப் பாதையில் திரும்ப முடியாது என்று சொல்ல நமக்கு வாயில்லை.

சைக்கிள் பந்தய உலகத்திலிருந்தும் ஓர் உதாரணம். 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலிய வீரர் பாபியோ கசார்டெல்லி, 1995 ஜூலை 18ஆம் தேதி பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில், ஒரு மலை இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். வயது 24. அன்று பந்தயம் நிற்கவில்லை. ஆனால் மறுநாள் வீரர்கள் ஒருவரையொருவர் முந்த மறுத்து, அந்த நீண்ட தூரத்தை ஊர்வலம்போல் மெதுவாக ஓட்டிச் சென்றார்கள். கசார்டெல்லியின் குழுவினரை முன்னே விட்டு எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தார்கள். முந்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள், முந்தாமலிருப்பதில் அன்று தங்கள் மனிதத்தைக் காட்டினார்கள். இத்தாலியின் கிசால்லோ குன்றிலுள்ள மாதா சிற்றாலயத்தில் அவருடைய உடைந்த சைக்கிள் இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மாதாவையே 1949ல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார்.

அவசரம் என்னும் திரை

மனிதர் ஏன் நிற்காமல் போகிறார்கள்? தீய மனத்தாலா? பெரும்பாலும் இல்லை. 1973ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதைக் காட்டுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர் நாற்பது பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அங்கே போய்ப் பேச வேண்டிய பொருள் நல்ல சமாரியன் உவமை! வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதத்தினர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 வீதத்தினரே நின்றார்கள். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போவதோ, வேறொன்றைப் பற்றிப் பேசப் போவதோ, பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

குருக்களாகிய நாங்களும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உவமையில் முதலில் விலகிப் போனவர் ஒரு குருவே. அவருக்கும் ஏதோ திருப்பணி அவசரம் இருந்திருக்கலாம்! மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2020ல் வெளியிட்ட ‘பிரத்தெல்லி தூத்தி’ என்ற சுற்றுமடலில் ஒரு முழு அதிகாரத்தையே இந்த உவமைக்கு ஒதுக்கியிருக்கிறார்.

அந்த உவமையில் நின்றவன், விழுந்தவனுடைய இனத்தவனல்லன் என்பதை நம் பகுதியில் வாழ்வோர் மறக்கலாகாது. சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. 1977லும் 1981லும் 1983லும் லயங்கள் தாக்கப்பட்டபோது நம்மவர் பட்ட பாட்டை முதியோர் அறிவர். அந்த நாட்களிலும் தம் வீட்டு அறைகளில் தமிழ்க் குடும்பங்களை மறைத்து வைத்துக் காத்த சிங்களக் கிராமத்தவர்கள் இருந்தார்கள். அன்று நம் இளைஞனை ஏற்றிச் சென்ற வாகனத்தையும் அந்த வரிசையிலேயே வைத்துப் பாருங்கள்.

இலங்கையின் அப்போஸ்தலரான புனித யோசேப் வாஸ் முனிவரையும் இங்கே நினைப்பது தகும். 1697ல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, நோயாளிகளை அவர்களின் வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். அவரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ குருவும் ஓடவில்லை. குடிசையமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். 1687ல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியபோது வயிற்றளைச்சலால் துவண்டு கிடந்தவர் அவர். விழுந்து கிடப்பதன் வேதனை அவருக்குத் தெரியும்.

விழுந்தவனுக்கு ஒரு சொல்

இதுவரை நின்றவர்களைப் பற்றியே பேசினோம். விழுந்தவனிடமும் பேச வேண்டும். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். ஆனால் “என்னால்தான் எல்லாம் கெட்டது” என்ற எண்ணம் எளிதில் ஆறாது. பிள்ளாய், உதவியை ஏற்றுக்கொள்வதும் ஒரு நற்பண்பே. கொடுப்பவனாக இருப்பதில் பெருமை உண்டு. பெறுபவனாக இருப்பதற்குத் தாழ்ச்சி வேண்டும். யேசு ஆண்டவரே சிலுவைப் பாதையில் விழுந்தார். சிரேனே ஊர்ச் சீமோன் தோள்கொடுத்தபோது அதை ஏற்றுக்கொண்டார். நன்றி சொல். தவறு இருந்தால் மன்னிப்புக் கேள். அதற்குமேல் உன்னை நீயே வதைக்காதே.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்த தியாகத்தை மாதக்கணக்கில் சொல்லிக்காட்டாதீர்கள். ஒரு நாளைக் கொடுத்துவிட்டு, அதற்கு வட்டியாக அவனுடைய நிம்மதியை வாங்குவது கொடையாகாது.

புறப்படுமுன்

அறம் விபத்துக்குப் பிறகு மட்டும் தொடங்குவதில்லை. எமது மலைகளில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பாதைகள் வழுக்கும், மண் சரியும். பிரேக்கைச் சோதியுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். எந்த வழியால் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். யாருக்காவது விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்யுங்கள். வழியில் வாதாட நேரமிராது.

தலையிலோ கழுத்திலோ அடிபட்டவனைக் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தக் கூடாது. முள்ளந்தண்டு பழுதுபட்டிருந்தால், நாம் செய்யும் அவசர உதவியே அவனை முடமாக்கிவிடும். 2016ல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. தொலைபேசி எடுபடாத பள்ளங்கள் நம் தோட்டங்களில் பல. ஆகவே எடுபடும் இடத்துக்கு ஒருவரை ஓட விடுங்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதைகளும் பல. நோயாளியைக் கம்பளியில் கிடத்தி நால்வர் சுமந்து இறங்கும் காட்சி எம் மக்களுக்குப் புதிதன்று. அந்தச் சுமைக்கு நான்கு பேராவது வேண்டும் என்பதையும் “இருவர் போதாதா?” என்று கேட்ட இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

நெடும்பயணம்

வாசகரே, நம் மக்கள் எல்லோரும் சேர்ந்து போகும் நெடும்பயணம் ஒன்று உண்டு. 1948ல் குடியுரிமை இழந்த சமூகம் இது. 1964 ஒப்பந்தத்தின்பின் அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகப் பிரிக்கப்பட்ட சமூகம். அந்தப் பிரிவில் எத்தனை பேர் தலைமன்னார்த் துறையில் திரும்பிப் பார்த்து அழுதார்கள்! யாருக்காகவும் கப்பல் நிற்கவில்லை.

இன்று நம் பிள்ளைகளில் சிலர் மேலே ஏறுகிறார்கள். ஆசிரியராகிறார்கள், எழுதுவினைஞராகிறார்கள், கொழும்பில் கடை வைக்கிறார்கள், கடல் கடக்கிறார்கள். மகிழ்ச்சியே. அவர்களையெல்லாம் லயத்துக்கே திரும்பி வாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. இருவர் போகலாம், இருவர் இருக்கலாம் என்ற விவேகம் இங்கும் செல்லும். ஆனால் சாதாரண தரத்தில் தவறி விழுந்து, கொழும்புக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போன தம்பியைப் பற்றிக் கேட்கிறோமா? குடியில் விழுந்த அண்ணனை “அவன் தலையெழுத்து” என்று விட்டுவிட்டோமா? கொழுந்துக் கூடை சுமந்து கூன் விழுந்த தாய்க்கு, காசு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோமா? விலாசத்தை மறைத்துக்கொள்ளும் அளவுக்கு உயர ஏறிவிட்டோமா?

அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரத்தில் சின்னப்பர் உரோமைக்குப் போன கப்பல் புயலில் சிக்குகிறது. மாலுமிகள் தாங்கள் மட்டும் படகில் தப்பப் பார்த்தார்கள். அவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் மற்றவர்கள் பிழைக்க முடியாது என்று சின்னப்பர் எச்சரிக்க, வீரர்கள் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். சரக்குப் போயிற்று, கப்பல் உடைந்தது, பயணம் தடைப்பட்டது. ஆனால் இருந்த 276 பேரில் ஒருவர்கூடச் சாகாமல் மால்தாத் தீவில் கரையேறினார்கள். மூன்று மாதங்கள் தாமதித்து, சின்னப்பர் உரோமைக்கும் போய்ச் சேர்ந்தார்.

போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோமா என்பதைக்கொண்டே நாம் ஒரு பயணத்தை அளக்கிறோம். புறப்பட்டவர்களில் எத்தனை பேர் சேர்ந்து வந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர் இறைவன். இந்த வாரம் உங்கள் குடும்ப செபத்தின்போது, உங்கள் வீட்டிலும் லயத்திலும் பின்னால் விழுந்து கிடப்பவர் யார் என்று ஒரு பெயரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பிறகு எழுந்து போய் அவரைப் பாருங்கள்.